சுகந்தி பப்ஸ்

பிரியமுள்ள சுகந்தி அக்காவுக்கு,

என்னை உனக்குத் தெரியாது. நீ கர்த்தரிடம் போன பிறகு உன் வீட்டுக்கு வந்தவள். பெயர் ரூபி, ஊர் புத்தூர். அங்கே ஒரு பெண்கள் விடுதியில் சமையற்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமே வேண்டாமென்று இருந்தவள் இல்லை, நடக்கவில்லை, அவ்வளவுதான். காதோரம் நரைத்த பிறகு சித்தூரிலிருந்து உங்கள் சபையின் பாஸ்டரம்மா என் அண்ணன் வீட்டுக்கு வந்து பேசினார். "மனுஷன் சாது. ஒரே பொண்ணு. சுகந்தி போனதுல இருந்து நைனாவும் பொண்ணும் ஓட்டல் சோறு துன்னுக்கினு கெடக்கறாங்க," என்றார். சரி என்றேன்.

முதலில் 'நீங்கள்' என்றுதான் எழுத ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். ஒருத்தியைப் பார்த்து இத்தனை பொறாமைப்பட்ட பிறகு அவளிடம் போய் 'நீங்கள்' என்ன வேண்டிக் கிடக்கிறது?

இந்தக் கடிதத்துக்கும் பாஸ்டரம்மாதான் காரணம். பெண்கள் ஐக்கியத்தின் பத்திரிகையில் சமையல் பக்கம் ஒன்று வருமே, அதற்கு 'சுகந்தி பப்ஸ்' எப்படிச் செய்வது என்று எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்தேன். 'தேவையான பொருட்கள்' என்று ஒரு வரி எழுதினேன். அதற்குப் பிறகு உன்னிடம் பேசத் தொடங்கிவிட்டேன். உன் மகள் ஷீபாவுக்குப் படித்துக் காட்டி, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை வெளியே கொடுக்கிறேன்.

அக்கா, உன் சமையலைப் பற்றி எனக்கு எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சாம்பார் தண்ணீராக ஓடுமாம். சோறு ஒரு நாள் குழையும், ஒரு நாள் பல்லில் நறுக்கென்று நிற்கும். நம் வீட்டுக்காரரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். விடிந்ததும் பஸ் பிடித்துத் திருப்பதியில் கல்லூரி ஆபீஸ் வேலைக்குப் போய், விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்புகிறவளுக்கு அதற்குமேல் என்ன முடியும்? இதையெல்லாம் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. சமையலில் என்னை யாரும் அசைக்க முடியாது. நூறு பெண்களுக்கு ஒரே பாத்திரத்தில் குழம்பு வைத்து, ஒருத்திகூட உப்பு கேட்காமல் சாப்பிட வைத்தவள் நான்.

ஆனால் அந்தப் பப்ஸ் இருக்கிறதே.

நான் வந்த புதிதில் அதிரசம் சுட்டேன். பாகு பதம் தப்பாமல், ஓரம் வெடிக்காமல், பூப்போல வந்தது. அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்குது ரூபி," என்றார். அந்தச் சந்தோஷம் எனக்கு முழுதாக இறங்குவதற்குள், "சுகந்தி ஒண்ணு பண்ணுவா பாரு, பட்டைப்பொடியும் சக்கரையும் போட்டு பப்ஸ். மடிச்சி மடிச்சி வெச்ச மாவு கடையில விக்குது, அதை வாங்கியாந்து பண்ணுவா. ரொம்ப ஈஸி. ஆனா இன்னா ருசின்ற," என்றார்.

அன்றிலிருந்து எங்கே திரும்பினாலும் அதுதான். பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா, உன் ஆபீஸ் தோழிகள், கோயிலில் பாட்டுக்குழுப் பெண்கள், எல்லோர் வாயிலும் சுகந்தி பப்ஸ். எல்லோரும் கூடவே அந்த ஒரு வார்த்தையையும் சொல்லுவார்கள்: ரொம்ப ஈஸி. அதுதான் என்னைக் குத்தியது. கஷ்டப்பட்டுச் செய்ததற்காக ஒருத்தியைப் புகழ்ந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஈஸியாகச் செய்ததற்காகப் புகழ்ந்தால்?

மாவைப் பிசைந்தது யாரோ. வெண்ணெய் வைத்து அடுக்கடுக்காக மடித்தது எந்த ஊரிலோ ஒரு இயந்திரம். நீ என்ன செய்தாய்? மேலே வெண்ணெய் தடவினாய். சர்க்கரையில் பட்டைப்பொடியைக் கலந்து தூவினாய். ரிப்பன் ரிப்பனாக வெட்டி, முறுக்கி, ஓவனுக்குள் தள்ளினாய். அதற்கு உன் பெயரை வைத்துவிட்டார்கள். என் கறிக்குழம்பைச் சாப்பிட்டு விரலைச் சூப்பிய பெண்கள் இன்று எந்தெந்த ஊரிலோ பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். ஒருத்தியாவது அதை 'ரூபி குழம்பு' என்று சொல்லியிருப்பாளா?

ஹாலில் உன் படம் இருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்ததில்லை, நம்பு. சமையலறையில் பாதி மேடையை அடைத்துக்கொண்டிருக்கிற உன் ஓவனைப் பார்த்தால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும், சட்டையைக்கூடக் கழற்றாமல் அவர் அதை ஈரத்துணியால் துடைப்பார். கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளேயும் துடைப்பார். நீ போன பிறகு அது ஒரு நாளும் சூடேறியதில்லை. நான் தினமும் அரைக்கிற கிரைண்டரை அவர் துடைத்து நான் பார்த்ததே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் இந்த வருஷத்து அறுப்பின் பண்டிகை நெருங்கியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் எல்லாம் கோயிலின் பக்கத்து அறையில் கூடி, யார் யார் என்னென்ன செய்து வந்து, கோயில் காணிக்கைக்காகப் பண்டிகையன்று விற்பனை மேசையில் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். பாஸ்டரம்மா பெருமூச்சு விட்டார்.

"சுகந்தி இருந்தா பப்ஸ் வந்திருக்கும். அதுக்குன்னே ஒரு கூட்டம் வருமே."

"நான் பண்றேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்குழுவில் மூத்தவர் ஒருவர், "அது ஓவன்ல பண்றதும்மா," என்றார், நான் ஓவனையே கண்ணால் கண்டிராதவள் போல.

"எனக்கும் கை இருக்குதுங்க," என்றேன்.

பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த ஷீபா அப்படியே நின்றாள். பிறகு மீதியையும் அடுக்கிவிட்டு எங்களுக்கு முன்னால் நடந்து போய்விட்டாள். வீட்டு வாசலில்தான் கேட்டாள்.

"எதுக்கு சின்னம்மா?"

"ஏன், நான் பண்ணக்கூடாதா?"

"அப்படி ஒண்ணும் சொல்லலியே," என்றாள்.

உன் மகள் பள்ளிக்கூடம் முடித்து இப்போது இன்டர் காலேஜில் படிக்கிறாள், அக்கா. உன் உயரத்தைத் தாண்டிவிட்டாள் என்று அவர் சொல்கிறார். என்னிடம் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்த மரியாதைதான் சில நேரம் பயமாக இருக்கும். விருந்தாளியிடம்தானே இவ்வளவு மரியாதையாக இருப்போம்?

சித்தூர் கடைகளில் அந்த மாவைக் கேட்டால் உறைய வைத்த பரோட்டாவைக் காட்டினார்கள். நானே திருப்பதிக்குப் பஸ் ஏறினேன். பெரிய கடை ஒன்றில், பில் போடுகிற பெண்ணிடம் கேட்டேன். "பஃப் பேஸ்ட்ரி ஷீட்ஸா? அக்கட, ஃப்ரீசர்லோ உந்தி அக்கா," என்று கை காட்டினாள். பச்சைப் பட்டாணிக்கும் கோழித் துண்டுகளுக்கும் அடியில் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு அட்டைப்பெட்டி. இதற்குள்ளா இருக்கிறது இத்தனை பெருமையும்?

திரும்பி வரும்போது நல்ல வெயில். மலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளும் பிரசாதப் பைகளுமாகப் பஸ்ஸில் நிற்க இடமில்லை. சந்திரகிரி தாண்டி ரோடு வேலை. வண்டி நின்று நின்று ஊர்ந்தது. பெட்டி என் மடியில் வியர்த்து, என் புடவையை நனைத்து, பக்கத்தில் இருந்தவள் மேல் சொட்டி, அவள் என்னோடு சண்டை பிடித்தாள். வீட்டில் பிரித்தால், உள்ளே இருந்த மாவுத் தகடுகள் எல்லாம் ஈரத்துணி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

விடவில்லை. பிய்த்து எடுத்து, தூவ வேண்டியதைத் தூவி, முறுக்கி ஓவனில் வைத்தேன். உப்பவில்லை. வெண்ணெய் எல்லாம் வழிந்து தட்டில் குளமாக நின்று புகைந்தது. ஷீபா எழுந்து வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.

அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். கடிக்க முடியவில்லை. "மொத தடவதானே," என்றார். பிறகு, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், "பஸ் ஸ்டாண்டுல எறங்கனதும் எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. சுகந்தி ஆபீஸ் ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்து, கெளம்பும்போது தெர்மாகோல் டப்பாவுல போட்டு, மேல ஈரத்துண்டு சுத்திக்கினு வருவா. நான் வண்டி எடுத்துக்கினு போயி நின்னுக்கினு இருப்பேன். வந்த ஒடனே வீட்டுக்கு," என்றார்.

ஈரத்துண்டு, தெர்மாகோல் எதுவும் என் காதில் ஏறவில்லை. நின்றுகொண்டிருப்பாராம். உனக்காகப் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றுகொண்டிருப்பாராம். நான் புத்தூர் போய்விட்டு இரண்டு கையிலும் பையோடு வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வீடு வந்து சேருகிறவள். நான் ஒரு நாளும் வரச்சொல்லிக் கேட்டதில்லை, வாஸ்தவம். நீ கேட்டாயா? இல்லை, கேட்காமலே வந்து நின்றாரா? இதை அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

அடுத்த தடவை போகும்போது சொன்னேன். "நானும் போன் பண்றேன். வந்து நில்லுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரி," என்றார்.

தெர்மாகோல் டப்பா, ஈரத்துண்டு எல்லாம் கொண்டு போனேன். பஸ் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். தான் வேலை பார்க்கிற மாங்கூழ் ஃபாக்டரியின் நீலச் சட்டையோடு, டீக்கடை ஓரமாக வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது, இந்த வயதில். நான் பின்னால் ஏறி உட்காரும்போது டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து, "இன்னா சார், இந்தப் பக்கமே காணோம் ரொம்ப நாளா," என்றார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்து சந்தாகப் புகுந்து போனார். எந்த இடத்தில் பள்ளம், எந்த வீட்டு வாசலில் மாடு கட்டியிருக்கும் என்று அந்த வண்டிக்கே தெரிந்திருந்தது. டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போனேன். சந்தோஷமாக இருந்தேன், அக்கா. அதே நேரத்தில், இந்தச் சந்தில் எனக்கு முன்னால் இப்படியே நீ போயிருக்கிறாய் என்பதும் கூடவே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே மனசில் எப்படி இருக்க முடியும்? இருந்தது.

சனிக்கிழமை காலை ஷீபா ட்யூஷனுக்குப் போயிருந்தாள். மாவை வெளியே எடுத்து வைத்து, மடித்தால் வெடிக்காத பதத்துக்கு வரும்வரை காத்திருந்தேன். தொட்டால் இன்னும் சில்லென்று இருக்க வேண்டும், அதுதான் கணக்கு என்று முதல் தடவை தோற்றதில் தெரிந்துகொண்டிருந்தேன். வெண்ணெய், சர்க்கரை, பட்டைப்பொடி. கத்தியை அழுத்தி இழுக்காமல் ஒரே வெட்டாக வெட்டினேன். முறுக்கி வைத்தேன்.

பிறகு ஓவன் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். தட்டையாகக் கிடந்தது கண்ணெதிரே மூச்சு இழுத்துக்கொண்டு எழுந்தது. ஏடு ஏடாகப் பிரிந்தது. சர்க்கரை உருகி ஓரங்களில் செம்பழுப்பாகப் பளபளத்தது. வீடு முழுக்கப் பட்டை வாசனை. பிரியாணிக்குத் தாளிக்கிற பட்டையின் காரம் இல்லை அது. இனிப்போடு சேர்ந்தால் பட்டைக்கு வேறு முகம் வருகிறது. எத்தனை ஆயிரம் பேருக்குச் சமைத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாமல் போயிற்றே. ஒன்றை எடுத்துக் கடித்தேன். பல் பட்டதும் நொறுங்கியது. நன்றாக இருந்தது, அக்கா. அதுதான் எரிச்சல்.

ஷீபா வரும் சத்தம் கேட்டது. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு நேராகச் சமையலறைக்கு வந்தாள். என்னைக் கேட்காமல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். மெதுவாக மென்றாள்.

"அதேதான்," என்றாள். "அப்படியே அம்மாது."

ஜெயித்துவிட்டேன். இத்தனை நாள் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை இறக்கி வைத்துவிட்டேன் என்று தோன்றியது. "பாத்தியா," என்றேன். அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் முகம் கோணிக்கொண்டு போனது. கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மொத தடவ நீங்க பண்ணும்போது வரல இல்ல? எனக்கு சந்தோசமா இருந்துச்சு சின்னம்மா. எங்கம்மாவுக்கு மட்டும்தான் வரும்னு நெனச்சிக்கினேன். இப்ப பாத்தா யாரு பண்ணாலும் இதே ருசிதான் வருது. பாக்கெட்டு ருசி. அப்போ எங்கம்மாவுது இதுல இன்னா இருக்குது?"

இந்தக் கேள்வியைத்தானே நான் வந்த நாளிலிருந்து உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன்? நீ என்ன செய்தாய், வெறும் சர்க்கரை தூவினாய் என்று எத்தனை தடவை மனசுக்குள் சொல்லிச் சொல்லித் திருப்திப்பட்டிருப்பேன்? அதையே உன் மகள் வாயில் கேட்டபோது, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவள் மாதிரி நின்றேன். அவளிடம் உன்னுடையதென்று மிச்சமிருந்ததே கொஞ்சம். அதிலிருந்து ஒரு பிடியை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு படிக்க உட்கார்ந்தாள். நான் தட்டை மூடி வைத்தேன். இன்னொன்றை எடுத்துச் சாப்பிட எனக்கும் மனம் வரவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது நடந்ததைச் சொன்னேன். கொடியில் இருந்த துணியை ஒவ்வொன்றாக உருவி என் கையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"கல்யாணம் ஆன வருசம் அறுப்பின் பண்டிகைக்கு அவ எலுமிச்சஞ் சாதம் பண்ணிக்கினு போனா," என்றார் பிறகு. "வெச்ச பாத்திரம் வெச்ச மாதிரியே திரும்பி வந்துச்சு. யாரும் தொடல. வர்ற வழியெல்லாம் அழுதுக்கினே வந்தா. இங்க இருக்கற பொம்பளைங்க எல்லாம் உன்ன மாதிரி சமைக்கறவங்க. ஒவ்வொருத்தி பாத்திரத்தையும் பாத்து அவளுக்கு வயிறு எரியும். எனக்கு மட்டும் ஏங்க கை வரமாட்டேங்குதுன்னு கேப்பா. அப்பறம்தான் திருப்பதி கடையில அந்த பாக்கெட்டைப் பாத்தா. 'இதுல நான் கெடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க'ன்னு சிரிச்சிக்கினே கொண்டாந்தா."

ஒரு துண்டை உதறி என் கையில் போட்டார்.

"நீ அன்னிக்கி இருந்திருந்தா உன்னப் பாத்தும் பொறாமைப்பட்டிருப்பா. நல்லா பட்டிருப்பா."

சிரிப்பு வந்தது எனக்கு. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துணி குவிந்திருந்த கையால் துடைக்க முடியாமல் அப்படியே நின்றேன். உனக்கும் வயிறு எரிந்ததா, அக்கா? என் மாதிரிப் பெண்களைப் பார்த்தா? இத்தனை நாள் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே. உன் புகழையெல்லாம் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. இதைச் சொல்லியிருந்தால் உன்னோடு முன்னாலேயே பேச ஆரம்பித்திருப்பேன்.

மறுநாள் கோயிலிலிருந்து வந்ததும் ஷீபாவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தேன்.

"நேத்து நீ கேட்டே இல்ல, உங்கம்மாவுது இதுல இன்னா இருக்குதுன்னு. நான் வாங்கியாந்த மொத பாக்கெட்டு என் மடியிலயே உருகிப்போச்சு. அந்த ஒரு தடவைக்கே எனக்குக் கை மரத்து, புடவை நனைஞ்சி, பஸ்ல சண்டை ஆகி, போதும் போதும்னு ஆயிடுச்சு. உங்கம்மா நாளெல்லாம் ஆபீஸ்ல வேலை பாத்துட்டு, அதே பஸ்ல, எடமில்லாத நாள்ல நின்னுக்கினே கூட வந்திருப்பா. எத்தினி வாட்டி வந்திருப்பா யோசி. ருசி கம்பெனிக்காரனுதாவே இருக்கட்டும். திருப்பதியில இருந்து இந்த வீட்டுக்கு உருகாம வந்துச்சே, அது உங்கம்மா செஞ்சது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, உனக்காக நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்று. என் நிலைமையைப் பார்த்தாயா?

ஷீபா விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு வாட்டி உருகியிருக்குது," என்றாள். "பஸ் பிரேக் டவுன் ஆயி அம்மா லேட்டா வந்தா. அன்னிக்கி அதையும் விடாம ஓவன்ல வெச்சிக் குடுத்தா. தோசை மாதிரி இருந்துச்சு. நைனாவும் நானும் சிரிச்சிக்கினே துன்னோம். அம்மா தலையில அடிச்சிக்கினா." அவள் உதட்டோரம் கொஞ்சம் விரிந்தது.

எனக்கு அதிலும் பொறாமைதான். உனக்கு உருகியதைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு உருகியபோது ஜன்னலைத் திறந்தார்கள்.

"பண்டிகைக்கு நீயே பண்ணு," என்றேன். "நான் திருப்பதி போயி வாங்கியாந்து குடுக்கறேன். ஓவன் பக்கமே வரமாட்டேன்."

"எனக்குத் தெரியாதே."

"அம்மா பண்ணும்போது பாத்துக்கினுதானே இருந்தே?"

யோசித்தாள். "பாத்துக்கினு இருந்தேன்," என்றாள்.

பண்டிகை அன்று அவள்தான் செய்தாள். நான் பின்கட்டில் பெரிய பாத்திரத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்க விட்டு, கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பட்டை வாசனை வந்தது, கூடவே லேசாகத் தீயும் வாசனையும். ஓடிப் போய்ப் பார்க்கக் கால் துடித்தது. போகவில்லை. முதல் தட்டு ஓரம் கருகிவிட்டது. அடுத்த தட்டை அவளே சரியாக எடுத்தாள். முறுக்கியது சில கோணலாகவும் சில தடியாகவும் இருந்தன. அப்படியே அடுக்கிக்கொள்ள டப்பா கொடுத்தேன்.

கோயில் வளாகத்தில் எங்கள் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில். கூட்டம் முதலில் அவளிடம்தான் போனது. "சுகந்தி பப்ஸ் வந்துட்டுது" என்று ஒருவர் சொல்ல, பூசணிக்காய் ஏலம் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இந்தப் பக்கம் திரும்பினார்கள். பாட்டுக்குழுவின் மூத்த அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நிஜமாவே நீ பண்ணிட்டியே ரூபி. அப்படியே சுகந்தி கை."

ஷீபா என்னைப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, கையில் இடுக்கியோடு, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள்.

"நான் இல்லக்கா," என்றேன். "ஷீபா பண்ணது. அவங்கம்மா பப்ஸ்."

சொல்லிவிட்டேன். கரண்டியை எடுத்து, கலக்க வேண்டிய அவசியமே இல்லாத குழம்பைக் கலக்கினேன். ஷீபா அடுத்தவருக்கு எடுத்துக் கொடுக்கத் திரும்பிவிட்டாள். ஆனால் அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. என் பாத்திரமும் காலியானது. அவள் தட்டு காலியான பிறகுதான். கவனித்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ஷீபாவின் காலேஜ் தோழிகள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நான் சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். லாவண்யா என்கிற பெண், "நீ காலேஜுக்குக் கொண்டாந்த ஸ்வீட் பப்ஸ் சூப்பர்டீ. ரெசிப்பி குடு," என்றாள்.

"அது எங்கம்மாவுது," என்றாள் ஷீபா. "நானே பண்ணித் தரேன். ஆனா நீ எங்க சின்னம்மா கோழிக் கொழம்பு துன்னு பாக்கணும். அதுக்கு மேல ஒண்ணுமே கெடையாது."

எங்க சின்னம்மா. என் கை புளித்தண்ணீரிலேயே நின்றுவிட்டது. அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள், நான் கையை எடுக்கவில்லை.

உனக்குக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும், அக்கா? என் கோழிக் குழம்புக்கு மேல் ஒன்றும் கிடையாது என்று உன் வயிற்றில் பிறந்தவள் சொல்கிறாள். கொஞ்சம் எரிந்திருக்குமா? எரியட்டும். நான் எரிந்த எரிச்சலுக்கு இதுவாவது எனக்கு வேண்டாமா?

எனக்குப் பொறாமை தீர்ந்துவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை அவர் இப்போதும் ஓவனைத் துடைக்கிறார்; எனக்கு இப்போதும் சுருக்கென்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். சபைப் பெண்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன், பின்வாங்க முடியாது. அந்தப் பப்ஸை நான் இனிமேல் செய்யமாட்டேன். ஷீபா கேட்கும்போதெல்லாம் திருப்பதிக்குப் போவேன். எந்த வெயிலாக இருந்தாலும், பஸ்ஸில் நிற்க இடமில்லாவிட்டாலும், அவள் கைக்கு உருகாமல் கொண்டுவந்து கொடுப்பேன். அவள் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ எந்த ஊருக்குப் போனாலும், அந்த ஊர் வரைக்கும்.

இப்படிக்கு,
உன் ஷீபாவின் சின்னம்மா,
ரூபி